கொசுப்புழுக் கணக்கெடுப்புப் பயிற்சி: கட்டற்ற மென்பொருள் வைத்து மூன்று நாளில் எப்படி நடத்துவது?

#1 தெற்குத்தெரு

ஒரு பேரூராட்சியில் 30 பேருக்கு மூன்று நாள் பயிற்சி. 18 பேர் டிபிசி பணியாளர்கள் (வீடு வீடாகக் கொசு உற்பத்தியைச் சோதிப்பவர்கள்), 12 பேர் மகளிர் குழுக்காரர்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வேண்டும், போனில் பதிய வேண்டும், வார்டு வரைபடத்தில் போட்டுப் பார்த்து அடுத்த வாரம் எந்தத் தெருவுக்கு யார் போவது என்று அவர்களே முடிவெடுக்க வேண்டும். இவ்வளவுதான் நோக்கம்.

எல்லோரிடமும் ஆண்ட்ராய்டு போன் உண்டு, பாதிப் போன்கள் 2 ஜிபி ரேம். ஹாலில் வைஃபை கிடையாது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு வழியில்லை.

போனில் படிவம் நிரப்பும் கட்டற்ற கருவிகளில் ஓடிகேவா, கோபோவா? படிவத்தை முன்கூட்டியே செய்து கொண்டுபோகலாமா, அங்கேயே உட்கார்ந்து செய்ய வைக்கலாமா? வரைபட வேலையை கணினி தொடாதவர்களிடம் எங்கிருந்து தொடங்குவது? மூன்று நாளும் பவர்பாயின்ட் ஓட்டுவதைத் தவிர வேறு எந்த யோசனையும் சொல்லுங்கள்.

#2 அட்டவணை

இந்த அளவுக்குக் கோபோ போதும். சர்வர் பார்க்கும் வேலை உங்கள் தலையில் விழாது. இரண்டிலும் படிவத்தின் அடிப்படை ஒன்றேதான், எக்ஸ்எல்எஸ்ஃபார்ம், அதாவது கேள்விகளை விரிதாளில் எழுதும் முறை. போனில் ஓடும் கோபோகலெக்ட் என்பதே ஓடிகே கலெக்டிலிருந்து கிளைத்த செயலி. இன்று கோபோவில் தொடங்கி அடுத்த வருடம் ஓடிகேயின் சர்வர் மென்பொருளான ஓடிகே சென்ட்ரலுக்கு மாறினாலும் படிவம் வீணாகாது.

சென்ட்ரல் எப்போது தேவை என்றால், அதே வீட்டுக்கு ஏழு நாள் கழித்துத் திரும்பப் போகும்போது "போன முறை இங்கே எந்தத் தொட்டியில் புழு இருந்தது" என்று போனிலேயே தெரிய வேண்டும் என்கிறபோது. அதற்கு அதில் என்டிட்டி என்ற வசதி நன்றாக வேலை செய்யும். நீங்களே நிறுவுவதானால் 2 ஜிபி ரேம் உள்ள லினக்ஸ் சர்வர், ஒரு டொமைன் பெயர், அதை நிறுவி ஓட்ட டாக்கர் என்ற கருவி. இதெல்லாம் ஒரு மதிய வேலைதான். ஆனால் பேக்கப் எடுப்பது யார், அப்டேட் போடுவது யார் என்று ஒருவர் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் இறங்காதீர்கள்.

கோபோவின் இலவசக் கணக்கில் பதிவு எண்ணிக்கைக்கும் சேமிப்பிடத்துக்கும் வரம்பு உண்டு. அது அவ்வப்போது மாறும். பயிற்சிக்கு முந்தின வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வைஃபை இல்லாதது பெரிய விஷயமில்லை. வெற்றுப் படிவத்தை இறக்கவும், நிரப்பியதை அனுப்பவும் மட்டும்தான் இணையம் வேண்டும், நடுவில் வேண்டாம். ஹாட்ஸ்பாட் போட்டால் 30 பேரும் ஒரே நேரத்தில் ஏற முடியாது. பெரும்பாலான போன்கள் எட்டு, பத்து பேரோடு நிறுத்திவிடும். ஐந்து ஐந்து பேராக விடுங்கள்.

உண்மையில் நேரத்தைத் தின்பது வேறு. பிளே ஸ்டோர் கடவுச்சொல் பாதிப் பேருக்கு நினைவிருக்காது, போனை வாங்கிக் கொடுத்த மகனைத்தான் கேட்க வேண்டும். பிளே ஸ்டோர் இல்லாமலேயே செயலியை நிறுவ, கிட்ஹப் தளத்தில் கிடைக்கும் ஏபிகே கோப்பை இரண்டு பென்டிரைவில் கொண்டுபோங்கள், ஓடிஜி ஒயரோடு. போன் சேமிப்பிடத்தில் 500 எம்பியாவது காலியாக இருக்கிறதா என்று முந்தின நாளே பார்க்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வீடியோக்களை அழிக்கச் சொன்னால் போதும், இடம் வந்துவிடும்.

#3 நிலவரை

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு ஒரே பதில்தான். முதல் நாள் காலையில் போனையே தொட விடாதீர்கள்.

ஹால் தரையை ஐந்தாகப் பிரித்து ஆறு ஆறு பேராக உட்கார வையுங்கள். ஒவ்வொரு குழுவும் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று தெருக்களைக் கோலப்பொடியால் தரையில் வரையட்டும். வீட்டுக்குப் புளியங்கொட்டை, மேல்நிலைத் தொட்டிக்குச் செங்கல் துண்டு, தெருக்குழாய்க்கு பாட்டில் மூடி, காலிமனைக்கு வேப்பிலை. முக்கால் மணி நேரம் கொடுங்கள். பயிற்சியாளர் கையில் கோலப்பொடி இருக்கக்கூடாது. நீங்கள் ஒரு கோடு போட்டுவிட்டால் அதன்பிறகு அவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் வரைவார்கள்.

வரைந்து முடித்ததும் ஒவ்வொரு தெருவிலும் இரண்டே கேள்வி: தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது? வந்ததும் எதில் பிடித்து வைக்கிறார்கள்? நாலு நாளுக்கு ஒருமுறை வரும் தெருவில் டிரம், அண்டா, சிமெண்ட் தொட்டி எல்லாம் நிரம்பியிருக்கும். எட்டு நாளுக்கு ஒருமுறை என்றால் பிடித்த தண்ணீரிலேயே முட்டையிலிருந்து கொசு வரை ஆகிவிடும், வெயில் காலத்தில் அதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். இந்தக் கணக்கை நீங்கள் சொல்லவே வேண்டாம், தரைப்படத்தில் அவர்கள் விரலை வைத்தே காட்டுவார்கள்.

இந்தப் பேச்சில் வரும் பாத்திரங்களின் பெயர்கள்தான் உங்கள் படிவத்தின் விடைப்பட்டியல். ஆட்டுக்கல், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் மண்சட்டி, கொட்டாங்குச்சி, கட்டட வேலைக்குச் செங்கல் நனைக்கும் தொட்டி, ஃபிரிட்ஜின் பின்தட்டு. வெளியூரில் செய்த படிவத்தில் "இதர" என்ற ஒரே கட்டத்துக்குள் இதில் பாதி போய்விடும். "இதர" 30 சதவீதம் வந்தால் அந்தக் கணக்கெடுப்பை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

துடைப்பம் போடுவதற்கு முன் நாற்காலி மேல் ஏறி நின்று நேர்மேலாகப் படம் எடுத்துவிடுங்கள்.

#4 சுண்ணாம்பு

நிலவரை சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐந்து குழுவும் ஐந்து பட்டியல் போட்டால் வார்டுக்கு வார்டு ஒப்பிட முடியாது. ஒருவர் "டிரம்" என்பார், இன்னொருவர் "பேரல்" என்பார், மூன்றாவது ஆள் இரண்டையும் தனித்தனியாகப் போடுவார். பங்கேற்பு என்ற பெயரில் குறியீடுகளை உடைத்துவிடாதீர்கள்.

எதைத் தொடக்கூடாது என்றால், பகுதி எண்ணை, அதாவது எதால் வகுக்கிறோமோ அந்த எண்ணை. பயிற்சியில் நடக்கும் பிழைகளில் முக்கால்வாசி இங்கேதான். ஒரு கணக்கு:

150 கதவு தட்டினார்கள். 30 வீடு பூட்டு. உள்ளே போய்ப் பார்த்தது 120. அதில் 18 வீட்டில் புழு. தண்ணீர் இருந்த கலன்கள் 360, புழு இருந்தவை 27. காலிக் கலன்கள் 90.

வீட்டுக் குறியீடு: 18 ஐ 120 ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 15. பூட்டிய வீட்டையும் சேர்த்து 150 ஆல் வகுத்தால் 12 ஆகிவிடும், நிலைமை நல்லதாகத் தெரியும்.
கலன் குறியீடு: 27 ஐ 360 ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 7.5. காலிக் கலன்களையும் எண்ணி 450 ஆல் வகுத்தால் 6.
பிரெட்டோ குறியீடு: பார்த்த 100 வீட்டுக்கு எத்தனை புழுக்கலன். 27 ஐ 120 ஆல் வகுத்து நூறால் பெருக்க 22.5.

இதைப் பலகையில் எழுதாமல் கையில் கொடுத்துச் செய்ய விடுங்கள். ஒரு குழுவுக்கு 150 சீட்டு. "பூட்டு", "பார்த்தது, புழு இல்லை", "பார்த்தது, புழு உண்டு" என்று எழுதிக் கலைத்துக் கொடுங்கள். பூட்டிய வீட்டுச் சீட்டை ஓரமாக எடுத்து வைக்காத குழுவுக்கு வேறு விடை வரும். ஏன் வந்தது என்று அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிப்பார்கள்.

#5 நிலவரை

சுண்ணாம்பு சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு அடுக்காக வைத்தால் தீர்ந்தது. மேலடுக்கு ஏழு வகை, மாற்றவே கூடாது: நிலத்தில் பதித்த தொட்டி, மாடித் தொட்டி, டிரம் போன்ற பெரிய கலன், குடம் போன்ற சிறிய கலன், டயர், எறிந்த பொருள், வீட்டு உபகரணம். கீழடுக்கில் அந்த ஊர்ப் பெயர்கள். ஒவ்வோர் ஊர்ப் பெயரும் எந்த மேல்வகைக்குள் வரும் என்பதை மதியம் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். ஆட்டுக்கல் வீட்டு உபகரணமா, எறிந்த பொருளா என்று அரை மணி நேரம் வாதாடுவார்கள். வாதாடட்டும். அந்த அரை மணி நேரத்தில்தான் வகைப்படுத்துவது என்றால் என்ன என்பது பிடிபடும்.

#6 வடலி

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். இங்கே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களோடு செய்யும் செயலமர்வுகளில் முதலில் இடறுவது சொல்தான். எங்களுக்குக் கொசு எண்டால் விளங்கும், ஆனால் வாயில் வருவது நுளம்பு. புழு எண்டால் வேறு ஏதோ புழு எண்டு நினைப்பார்கள், குடம்பி எண்டு போட வேணும். கொட்டாங்குச்சி எங்களுக்குச் சிரட்டை. குடித்துவிட்டு எறிந்த இளநீர்க் கோம்பைக்குத் தனி இடம் வேணும், மழைக்குப் பிறகு அதுதான் முதலில் நிரம்பும்.

எக்ஸ்எல்எஸ்ஃபார்மில் ஒரே கேள்விக்கு எத்தனை மொழி நிரலும் போடலாம். தமிழுக்கே இரண்டு நிரல் போடுவதை எந்த விதியும் தடுக்கவில்லை. உள்ளே சேமிக்கிற குறியீட்டுச் சொல் ஒன்றாக இருந்தால் போதும், திரையில் காட்டுகிற சொல் ஊருக்கு ஊர் மாறலாம். சிங்களம் வாசிக்கிற அலுவலருக்கும் அதே படிவம் ஓடும்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில் பாவனையில் இல்லாத கிணறு, கைவிட்ட படகு இவற்றில் தேங்கிய உவர்நீரிலும் டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பின் குடம்பிகள் பதிவாகியிருக்கின்றன. "நல்ல தண்ணீரில் மட்டும்தான் வரும்" எண்டு பயிற்சியில் அடித்துச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஒருவரும் அந்தக் கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டார்கள். கடலோரப் பேரூராட்சி என்றால் இதைக் கவனிக்கவும்.

கட்டற்ற மென்பொருளை நம்பலாமா எண்டு மேலிடத்தில் கேட்டால் டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தரவு மென்பொருளைச் சொல்லுங்கள். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவானது. 2020 தொடக்கத்தில் கொரோனாவுக்காக நாட்டுக்குள் வருகிறவர்களைப் பின்தொடரும் முறையை அதில் முதலில் கட்டியது இலங்கைதான், பிறகு மற்ற நாடுகள் எடுத்துக்கொண்டன. ஆனால் 30 பேர் பயிற்சிக்கு அது பெரிய வண்டி, தேவையில்லை.

#7 தெற்குத்தெரு

இரண்டு அடுக்குப் பட்டியல், கோபோ, முதல் நாள் தரைப்படம். முடிவு செய்துவிட்டேன். மகளிர் குழு அக்காக்கள்தான் தரைப்படத்தில் முந்துவார்கள் என்று தோன்றுகிறது, டிபிசி ஆட்கள் ரூட் தெரியும் என்று அலட்டிக்கொள்வார்கள், பார்ப்போம்.

அட்டவணை அண்ணா, படிவத்தில் சரியாக எந்தெந்தக் கேள்வி? எங்கே உடையும்?

#8 அட்டவணை

ஒரு வீட்டுக்கு நாலு நிமிடத்துக்கு மேல் படிவம் ஓடக்கூடாது. அதை வைத்துப் பின்னோக்கி வாருங்கள்.

தெரு. கதவு எண். வீட்டு நிலை: பார்த்தது, பூட்டு, மறுப்பு. "பார்த்தது" என்றால் மட்டும் மற்ற கேள்விகள் திறக்கட்டும். இடக்குறிப்பு. பிறகு திரும்பத் திரும்ப வரும் தொகுதி ஒன்று: கலன் வகை, தண்ணீர் உள்ளவை எத்தனை, புழு உள்ளவை எத்தனை, கூட்டுப்புழு உள்ளவை எத்தனை, என்ன செய்தோம். ஒவ்வொரு கலனுக்கும் தனியாகத் திறக்க விடாதீர்கள், வகைக்கு ஒன்று போதும். பன்னிரண்டு குடத்துக்குப் பன்னிரண்டு முறை என்றால் மூன்றாவது வீட்டிலிருந்து பூஜ்யம் போட ஆரம்பித்துவிடுவார்கள். அது அவர்கள் குற்றமில்லை.

உடையும் இடங்கள்:

புழு உள்ளவை, தண்ணீர் உள்ளவற்றைவிடக் கூடுதலாக இருக்க முடியாது. அந்தக் கட்டுப்பாட்டைப் படிவத்திலேயே எழுதி, தடுக்கும்போது காட்டும் வாக்கியத்தைத் தமிழில் போடுங்கள். போடாவிட்டால் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நிற்கும், போன் கெட்டுப்போய்விட்டது என்று கொண்டுவந்து கொடுப்பார்கள்.

எண் கேள்வியைக் காலியாக விட்டால் கூட்டல் முழுவதும் கெட்டுவிடும், மொத்தம் வர வேண்டிய இடத்தில் எண்ணே வராது. கணக்குப் போடும் வரியில் கோஅலெஸ் (coalesce) சார்பை வைத்துக் காலியைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அல்லது கட்டாயக் கேள்வியாக்குங்கள்.

"பூட்டு" என்று மாற்றினால் ஏற்கெனவே நிரப்பிய கலன் விவரம், படிவத்தை முடிக்கும்போது அழிந்துவிடும். அது பிழையல்ல, அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் விளையாட்டாகத் தொட்டுப் பார்க்கிறவர் பத்து நிமிட வேலையை இழப்பார். முதல் நாளே வேண்டுமென்றே ஒருமுறை அழியவைத்துக் காட்டுங்கள்.

வேர்டிலிருந்து வரியை வெட்டி ஒட்டினால் நேரான மேற்கோள் குறிக்குப் பதில் வளைந்த குறி வந்துவிடும், படிவத்தில் சிக்கல் வரலாம். லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டே எழுதுங்கள். விடைக் குறியீட்டில் இடைவெளி கூடாது. பல விடை தேர்ந்தெடுக்கும் கேள்வியில் விடைகளை இடைவெளி வைத்துத்தான் பிரித்துச் சேமிக்கிறது, உள்ளே இன்னோர் இடைவெளி இருந்தால் ஒன்று இரண்டாகிவிடும்.

பிறகு நம் ஊருக்கே உரிய வினை: அலுவலகத்தில் கொடுக்கும் தெருப்பட்டியல் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். திரையில் தமிழாகத் தெரியும், படிவத்தில் ஒட்டினால் எழுத்துக் குப்பை. முதலில் யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு தெருப்பெயரையும் கண்ணால் பாருங்கள். மாற்றிகள் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போடும்.

#9 மஞ்சள்பை

குறுக்கே ஒரு சின்னக் கேள்வி. ஒவ்வொரு வீட்டிலும் போட்டோ எடுக்கச் சொல்லலாமா? வீட்டுக்குள் போகாமலேயே எழுதிவிடுவார்கள் என்ற பயம் இருக்கிறதே.

#10 அட்டவணை

30 பேர், ஆளுக்கு 10 வீடு, வீட்டுக்கு 2 படம், படம் 4 எம்பி. 2.4 ஜிபி. ஒரு ஹாட்ஸ்பாட்டில் இது அன்றைக்கு ஏறாது. படக் கேள்வியின் அளவுரு நிரலில் நீளப் பக்கம் 1024 பிக்சல் என்று வரம்பு வைத்தால் படம் 200 கேபி அளவுக்கு இறங்கும், மொத்தம் 120 எம்பி. புழு இருந்த கலனுக்கு மட்டும், அதுவும் ஒன்றே ஒன்று என்று வையுங்கள். வீட்டு ஆட்களின் முகம் படத்தில் வரக்கூடாது.

உட்கார்ந்த இடத்தில் எழுதுவதைப் பிடிக்க ஆடிட் என்ற வசதி இருக்கிறது, எந்தக் கேள்வியில் எத்தனை நொடி நின்றார் என்று பதியும். போட்டால் போட்டிருக்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்து இரண்டாம் நாள் தெரிந்தால் பயிற்சி அதோடு முடிந்தது.

#11 சுண்ணாம்பு

போனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். புழுவை அடையாளம் தெரியாதவர் கையில் எந்தச் செயலி இருந்து என்ன.

முதல் நாள் மாலை ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வேண்டியவை: வெள்ளை எனாமல் தட்டு 5, டார்ச் 5, இங்க் ஃபில்லர் 10, 350 மில்லி கரண்டி 2, கைலென்ஸ் 5. ஈடிஸ், கியூலெக்ஸ், அனோபிலஸ் என்ற மூன்று வகைக் கொசுவின் புழுக்களும் தனித்தனிச் சட்டியில், மேலே கொசுவலைத் துணி கட்டி. அனோபிலஸ் புழு நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். மற்ற இரண்டும் தலைகீழாகத் தொங்கும். கியூலெக்ஸின் மூச்சுக்குழல் மெலிந்து நீளமாக இருக்கும், ஈடிஸுக்குக் குட்டையாகத் தடித்திருக்கும். டார்ச் அடித்தால் ஈடிஸ் பாம்பு மாதிரி நெளிந்து அடிக்கு ஓடும். ஆகவே எட்டிப் பார்த்துவிட்டு உடனே "இல்லை" என்று எழுதக்கூடாது, மேலே வரும்வரை இரண்டு மூன்று நிமிடம் நிற்க வேண்டும். கூட்டுப்புழு காற்புள்ளி வடிவில் இருக்கும். அது இருந்தால் ஓரிரு நாளில் கொசு பறந்துவிடும், அந்த வீடுதான் அவசரம்.

முடிந்ததும் சட்டித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். காய்ந்த மண்ணில், வெயிலில்.

டெமிபாஸ் என்ற புழுக்கொல்லி மருந்தின் கணக்கும் இங்கேயே. தேவை லிட்டருக்கு 1 மில்லிகிராம். 1 சதவீத மணல் குருணை என்றால் 100 லிட்டருக்கு 10 கிராம். ஆனால் டிரம் 200 லிட்டர் என்றால் பாதி நிரம்பியிருக்கும்போது பாதி மருந்து போடக்கூடாது. நாளை தண்ணீர் பிடித்தால் நீர்த்துவிடும், ஆகவே முழுக் கொள்ளளவுக்கே போட வேண்டும். மருந்தைவிட முக்கியம், தொட்டியைக் காலி செய்து சுவரைத் தேய்ப்பது. ஈடிஸ் முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் அடுத்த நிரப்பலில் திரும்ப வந்துவிடும்.

#12 நிலவரை

இரண்டாம் நாள் களம் முடிந்து மாலையில் தரவு வந்துவிடும். அதை வரைபடமாக்கும்போது கவனிக்க வேண்டியவை.

இடக்குறிப்பை எப்போதும் வெட்டவெளியில், வீட்டு வாசலுக்கு வெளியே நின்று எடுக்க வேண்டும். இணையம் அணைந்திருந்தால் முதல் முறை செயற்கைக்கோளைப் பிடிக்க ஓரிரு நிமிடம் ஆகும். படிவத்தில் ஒன்றும் சொல்லாவிட்டால் கலெக்ட் 5 மீட்டர் துல்லியம் வரும்வரை காத்திருக்கும், மலிவுப் போனில் நெருக்கமான தெருவில் அது வரவே வராது. 10 மீட்டர் என்று அளவுரு வையுங்கள். 10 மீட்டர் என்றால் பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாம் அதற்குள் அடங்கும். ஆகவே வீட்டை அடையாளம் காட்டுவது கதவு எண்தான், புள்ளி துணைக்கு.

கோபோவிலிருந்து எக்ஸ்எல்எஸ் கோப்பாக எடுக்கும்போது வீட்டு விவரம் ஒரு தாளிலும் கலன் விவரம் வேறு தாளிலும் வரும், இடையில் இணைப்பு எண் இருக்கும். முதல் தாளை மட்டும் திறந்துவிட்டுப் பதிவு காணாமல்போய்விட்டது என்று கூப்பாடு போடாதீர்கள். சிஎஸ்வியை எக்செலில் இரட்டைச் சொடுக்கித் திறந்தால் தமிழ் உடையும். கால்க்கில் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள்.

க்யூஜிஐஎஸ் என்ற கட்டற்ற வரைபட மென்பொருளில் சேர்க்கும்போது எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. மாற்றிப் போட்டால் தமிழ்நாட்டின் 11, 78 என்பது 78, 11 ஆகி, புள்ளிகள் எல்லாம் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு கடலில் போய் விழும். பனிக்கரடி ஊரில் ஈடிஸ் இல்லை என்பதால் உடனே கண்டுபிடித்துவிடலாம். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் புள்ளி இருந்தால் அது பூஜ்யம், பூஜ்யம்.

தூரம் அளக்கவோ கட்டம் போடவோ போகிறீர்கள் என்றால் டிகிரியில் செய்யாதீர்கள். ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். 100 மீட்டர் வட்டம் என்று நினைத்து 100 என்று அடித்தால் உலகமே மூடிவிடும். மீட்டரில் கணக்கிடும் யுடிஎம் முறைக்கு மாற்றுங்கள். நம் மாநிலத்தை 78ஆவது தீர்க்கரேகை இரண்டாக வெட்டுகிறது: மதுரை, சேலம், திருச்சி, சென்னை 44ஆவது மண்டலம், மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டிய இபிஎஸ்ஜி குறியீட்டு எண் 32644. கோவை, திருநெல்வேலி 43, அதாவது 32643. யாழ்ப்பாணமும் 44தான்.

பயிற்சிக்கு வந்த எல்லோரும் க்யூஜிஐஎஸ் கற்கத் தேவையில்லை, ஆர்வமுள்ள இரண்டு பேர் போதும். மற்றவர்களுக்கு, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் பின்னணியில் அச்சிட்ட ஏ3 தாள். 1:1000 அளவில் ஒரு தாளில் ஏறக்குறைய 400 மீட்டருக்கு 280 மீட்டர் வரும், மூன்று நான்கு தெரு அடங்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த ஊர்ச் சந்துகள் இல்லாவிட்டால், பயிற்சிக்கு முந்தின வாரம் அதன் ஐடி என்ற தொகுப்பானில் வரைந்து ஏற்றிவிடுங்கள். சந்துகளின் பெயர் தரைப்படத்திலிருந்து பிறகு சேரும்.

#13 கீற்று

வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சி சேர்க்கிறேன். 1854 லண்டன் பிராட் தெருக் காலரா, ஜான் ஸ்னோவின் வரைபடம். மரணங்களும் குழாய்களும் தரவாகவே கிடைக்கின்றன, க்யூஜிஐஎஸ்ஸில் திறக்கலாம், அச்சிட்டும் கொடுக்கலாம். எல்லோரும் "எங்கே அதிகம்" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் "எங்கே இல்லை" என்று கேளுங்கள். அதே தெருவிலிருந்த மதுவடிசாலைத் தொழிலாளர்கள் தப்பினார்கள், பக்கத்து ஏழைகள் விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. குழாயின் கைப்பிடியைச் செப்டம்பர் 8 அன்று கழற்றியபோது நோய் ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிறகு உங்கள் ஊர்த் தாளைக் கையில் கொடுத்து அதே கேள்வி. வெறுமையாக இருக்கும் இடம் புழு இல்லாத இடமா, யாரும் போகாத இடமா? இது பிரிந்து தெரிய வேண்டுமானால் பார்த்து இல்லாத வீட்டுக்கும், பூட்டிய வீட்டுக்கும் தனித்தனி நிறம் வேண்டும்.

இன்னொன்று. வீட்டுவாரியாகச் சிவப்புப் புள்ளி வைத்த தாளை ஹாலில் ஒட்டாதீர்கள். பன்னிரண்டு பேர் அதே ஊர்க்காரர்கள். "உன் வீட்டில்தான் புழு" என்று சாயங்காலமே தெருச்சண்டை வரும், மறுநாள் அந்த வீட்டுக் கதவு திறக்காது.

#14 நிலவரை

கீற்று சொல்வது சரி. சுவருக்குத் தெருவாரிக் கணக்கு அல்லது 100 மீட்டர் கட்டம் போதும். ஈடிஸ் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும், அந்தக் கட்டம் வேலை பிரிக்கப் போதுமானது. வீட்டுவாரிப் பட்டியல் அந்தத் தெருவுக்குப் போகும் ஆளிடம் மட்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தெரு, குழாய், தொட்டி ஏற்றலாம். புழு, காய்ச்சல், குடும்பத் தலைவர் பெயர் எதையும் ஏற்றக்கூடாது, அது உலகமே பார்க்கும் பலகை. பெயரும் போன் எண்ணும் படிவத்திலேயே கேட்காவிட்டால் பாதிக் கவலை இல்லை. இந்தியாவில் 2023 சட்டம், இலங்கையில் 2022 சட்டம் என்று இரண்டு பக்கமும் தனிநபர் தரவுக்குச் சட்டம் வந்துவிட்டது.

#15 சுண்ணாம்பு

தெருவாரிக் கணக்கில் ஓர் ஆபத்து. நாலு வீடு மட்டும் பார்த்த தெருவில் ஒரு வீட்டில் புழு என்றால் 25 சதவீதம், தாளில் அடர்சிவப்பு. அறுபது வீடு பார்த்து ஒன்பதில் இருந்த தெரு 15 சதவீதம், வெளிர்சிவப்பு. ஆட்களை எங்கே அனுப்புவீர்கள்? சதவீதத்தோடு "60ல் 9" என்று எண்ணையும் அச்சிடுங்கள். 20 வீட்டுக்குக் குறைவாகப் பார்த்த தெருவைச் சாம்பல் நிறத்தில் விடுங்கள்.

குறியீடு குறைந்துவிட்டதால் டெங்கு வராது என்றும் யாரையும் நம்ப வைக்காதீர்கள். அது புழு உள்ள இடத்தின் கணக்கு, பறக்கும் கொசுவின் கணக்கில்லை. கூட்டுப்புழு எண்ணிக்கை அதைவிட ஓரளவு நெருக்கம். அதனால்தான் படிவத்தில் அதைத் தனியாகக் கேட்கச் சொன்னதை நான் ஆட்சேபிக்கவில்லை.

#16 தெற்குத்தெரு

எல்லாம் குறித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மதியம் தாளை நடுவில் வைத்துவிட்டு நாங்கள் ஹாலுக்கு வெளியே போய்விடலாம் என்று நினைக்கிறேன். தெருப் பிரிப்பை அவர்களே செய்யட்டும்.

கடைசியாக ஒன்று. கோபோ கணக்கை என் மின்னஞ்சலில் தொடங்கியிருக்கிறேன். போதுமா?

#17 அட்டவணை

போதாது. பயிற்சி முடிந்து நீங்கள் ஊருக்குப் போனபிறகு கடவுச்சொல் மறந்தால் அவர்களால் படிவத்தில் ஒரு தெருப்பெயரைக்கூடச் சேர்க்க முடியாது. பேரூராட்சிக்கென்று ஒரு மின்னஞ்சல், அதை மீட்க உதவும் போன் எண் அலுவலகத்தில் இருக்கும் சிம். திட்டத்தை அந்தக் கணக்குக்கு மாற்றிவிட்டு, அங்கிருந்து இரண்டு பேருக்கு நிர்வாக அனுமதி கொடுங்கள், ஒருவர் டிபிசி, ஒருவர் மகளிர் குழு. எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் கோப்பைப் பென்டிரைவில் போட்டு, அதைத் திறந்து ஒரு கலன் பெயரைச் சேர்த்துத் திரும்ப ஏற்றுவதை மூன்றாம் நாள் காலையிலேயே அந்த இருவரையும் செய்ய வையுங்கள். நீங்கள் மவுஸைத் தொடாமல்.

#18 வடலி

போன்களில் பழைய படிவம் தானாக மாறாமல் நிற்கும், அதையும் சொல்லிவிடுங்கள். அமைப்புகளில் படிவப் புதுப்பிப்பைத் "தானாக" எண்டு மாற்றாவிட்டால் பாதிப் பேர் புதுக் கலன் இல்லாத படிவத்திலேயே நிரப்பிக்கொண்டிருப்பார்கள்.